கூடாரத்துக்கு வெளியே கேட்ட குரல்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சமீபத்தில், அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணைக் கலைஞரான தாயாருடன் வசித்துவந்த பெண் குழந்தை ஒன்று, கையில் அகப்பட்ட காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி, அதன் ஒரு முனையில் வாயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பாடிக்கொண்டே இருக்குமாம். கிராமபோன் பெட்டியின் ஊதுகுழலிலிருந்து பாட்டு வருவதைக் கண்டு அதிசயித்துப்போன அந்தக் குழந்தைக்கு, தன் குரலும் அப்படியொரு குழல் வழியாக எங்கேயோ இருக்கும் யாருக்கோ போய்ச் சேரவேண்டும் என்ற ஆசை அப்போதே உண்டாகிவிட்டது போலும். குஞ்சம்மா என்று வீட்டார் செல்லமாக அழைத்த அக்குழந்தை பிறந்தது 1916-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ஆம் தேதி. தன் பத்தாம் பிராயத்தில், தாயார் சண்முகவடிவு வீணை வாசிக்க, அது பாடிய பாட்டு உண்மையாகவே இசைத்தட்டில் ஏறிற்று. மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி என்னும் பெயரை நாடு முழுவதும் எம்.எஸ். என்று இரண்டே எழுத்தில் சொல்லிப் பழகியது அதற்குப் பிற்பாடு.

அந்தக் குரல் போய்வந்த நெடும்பாதையில் சினிமா என்பது ஏழு வருஷ தூரந்தான். 1938-இல் தொடங்கி 1945-இல் முடிந்துபோன அந்தக் காலத்தில் அவர் நடித்தவை நான்கே படங்கள். கடைசிப் படம் மட்டும் பின்னர் ஹிந்தியிலும் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பாடியதையும், சங்கீத கலாநிதி, பாரத ரத்னா முதலிய விருதுகளையும் எழுதுகிறவர்கள், இந்தப் படங்களை அவருடைய சங்கீத வாழ்க்கையின் ஓரத்தில் நடந்த சில்லறைச் சம்பவங்கள் போல இரண்டு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. சபா மண்டபத்தின் வாயிற்படியை ஆயுளில் ஒருமுறையும் மிதிக்க முடியாதிருந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்குக் கர்நாடக சங்கீதத்தின் சுத்தமான சாரீரம் ஒன்று போய்ச் சேர்ந்தது அந்த நான்கு படங்களின் வழியாகத்தான் என்று நான் திடமாக நம்புகிறேன்.

சங்கீதம் அவருக்குத் தாய்வழி வந்த சொத்து. பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர், தாயாருக்கு வீணை, தமையன் சக்திவேல் மிருதங்கம் பயின்றவர், சகோதரி வடிவாம்பாளும் வீணை வாசித்தார். அவருடையதைப் போன்று தேவதாசி மரபில் வந்த குடும்பங்களைப் பற்றி அந்நாளைய சமூகம் இரண்டு விதமாகப் பேசிற்று. அவர்களிடத்தில் இருந்த கலையைக் கைகூப்பி வரவேற்ற அதே மனிதர்கள், அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களை வீட்டுத் திண்ணைக்கு மேல் அனுமதிக்கவில்லை. இந்த அநீதியைச் சொல்லாமல் எம்.எஸ்.ஸின் கதையைச் சொல்வது சரியல்ல என்பதோடு, அவர் நடித்த முதல் படத்தின் கதைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை வாசகர்கள் சற்று நேரத்தில் காண்பார்கள்.

முதன்முதலாகச் சபை நடுவே பாடிய நாளைப் பற்றி அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மதுரைச் சேதுபதி பள்ளிக்கூடத்தில் தாயாரின் வீணைக் கச்சேரி; மகளோ எங்கேயோ மண்ணைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் வந்து அவளைத் தூக்கிப் போய், கையில் இருந்த மண்ணைக் கழுவிவிட்டு, மேடையில் உட்கார வைத்துப் பாடச் சொல்ல, அவளும் கூச்சம் ஏதுமின்றிப் பாடிவிட்டு, சபையோரின் கரகோஷம் எதற்கென்று விளங்காமலே விளையாட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். 1933-ஆம் வருஷத்துக் கும்பகோணம் மகாமகத்தில் பாடியபோது பதினேழு வயதுகூட நிரம்பாத அப்பெண்ணின் சாரீரத்தைக் கேட்ட ரசிகர்கள், ஊருக்குத் திரும்பி அதைப் பற்றியே பேசினார்கள். அடுத்த மூன்று வருஷங்களில் தாயும் மகளும் சென்னையோடு தொடர்பு கொண்டுவிட, 1936-இல் ஆனந்த விகடனில் பணியாற்றிய தேசபக்தர் டி. சதாசிவம் எம்.எஸ்.ஸுக்கு அறிமுகமானார். பிறகு நடந்தவற்றில் பெரும்பாலானவை அவருடைய யோசனையின்படி நடந்தவை.

தமிழில் பேசும் படம் 1931-இல் காளிதாஸுடன் பிறந்தபோது, பாட்டு இல்லாத படம் என்பதை எவரும் கற்பனை செய்யவில்லை. நடிப்பவரே பாடவேண்டும் என்ற நிலைமையும் அன்று இருந்தது. ஆகையினால் பட முதலாளிகள் நாடக மேடையைத் தேடிப் போனதற்கு அடுத்தபடியாகக் கச்சேரி மேடையைத் தேடிப் போனார்கள். 1935-ஆம் வருஷத்து நந்தனாரில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் தோன்றினார்கள். முசிரி சுப்பிரமணிய அய்யர் துக்காராமானார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை காளமேகப் புலவரானார். கீர்த்தனங்கள் இயற்றுவதையே தவமாகக் கொண்டிருந்த பாபநாசம் சிவன்கூடக் குசேலர் வேஷம் தரித்தார். இவர்களில் பலருக்குச் சினிமா ஒரு தடவையோ இரண்டு தடவையோ தங்கிவிட்டுத் திரும்பிய சத்திரமாகத்தான் இருந்தது.

அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். கச்சேரி மேடையில் பாடுகிறவருடைய முகத்தை ஐம்பது அடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறோம். பார்ப்பதைவிடக் கேட்பதற்கே அங்கே போகிறோம். கேமராவோ அவருடைய மூக்குநுனிக்கு எதிரில் வந்து நின்றுவிடுகிறது. கஷ்டமான சங்கதி ஒன்றைப் பிடிக்கும்போது புருவம் நெரிவதும், வாய் கோணுவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், கை காற்றிலே எதையோ பிடுங்குவதும் வித்வானுக்குத் தெரியாமலே நடப்பவை. சங்கீத சாஸ்திரம் எழுதிய பெரியோர்களே இவற்றைப் பாடகருக்குரிய தோஷங்களில் சேர்த்திருக்கிறார்கள். அபிநயம் வரும்போது பாட்டு இளைத்துப்போகும். பாட்டு ஏறும்போது அபிநயம் மறைந்துபோகும். எம்.எஸ்.ஸினிடத்தில் இந்தப் போராட்டமே இல்லை. பாடும் வேளையில் அவருடைய முகத்தில் பாட்டு மட்டுந்தான் இருக்கும். பாடுவதற்காகப் படும் சிரமம் இராது. தம்பூராச் சுருதியில் குரல் எப்படி ஒட்டிக்கொண்டதோ அப்படியே முகமும் அந்தச் சுருதியில் ஒட்டிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். நடிப்புக் கலையை அவர் எந்த ஆசிரியரிடமும் பயின்றதாகத் தெரியவில்லை. பாட்டின் பாவத்தில் ஆழ்ந்து இருப்பது ஒன்றே அவர் அறிந்த நடிப்பு. அது எந்தெந்தப் பாத்திரங்களுக்குப் பொருந்தியதோ அவற்றில் அவர் ஈடு இணையற்று விளங்கினார்.

முதற்படமான சேவாசதனம் 1938-இல் வெளியாயிற்று. டைரக்டர் கே. சுப்பிரமணியம், புராணக் கதைகளிலேயே உழன்றுகொண்டிருந்த தமிழ்ச் சினிமாவைச் சமூகக் கதையின் பக்கம் திருப்பிய தைரியசாலி. ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் நாவலை, காங்கிரஸ் தொண்டரான எஸ். அம்புஜம்மாள் தமிழாக்க, அது ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து வாசகர்களின் மனத்தை ஏற்கெனவே உலுக்கியிருந்தது. வறுமையின் காரணமாகக் கிழவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவருடைய சந்தேகத்துக்கு இலக்காகி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பாடிப் பிழைக்கும் பெண்களின் தெருவில் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்து மீண்டு அநாதைப் பெண்களுக்கான ஒரு சதனத்தில் தொண்டு செய்யும் சுமதி என்னும் பெண்ணின் கதை அது. கிழக்கணவராக நடித்தவர் எப்.ஜி. நடேசய்யர், தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே திருச்சியில் ரசிக ரஞ்சனி சபையைத் தோற்றுவித்து நாடகக் கலையை வளர்த்தவர்.

அந்தக் கதையின் நடுவிலுள்ள தெரு எம்.எஸ்.ஸின் முன்னோர்களைச் சமூகம் எந்தத் தெருவில் நிறுத்தி வைத்திருந்ததோ அதற்கு வெகு தூரத்தில் இல்லை. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை ராஜதானியில் பூரணமாக நிறைவேறியது 1947-இல். முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையில் அதற்காக வாதாடத் தொடங்கிப் பல வருஷங்கள் கழிந்திருந்தும், 1938-இல் அது இன்னும் தீராத வழக்காகத்தான் இருந்தது. அந்த நிலையில் இருபத்திரண்டு வயது நிரம்பாத ஓர் இளம்பெண், அந்தப் பரம்பரையில் பிறந்தவள், கேமராவின் எதிரில் நின்று சுமதியின் அவமானத்தைத் தன் முகத்தில் தாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள் என்பதை நினைக்கும்போது, அவளுடைய குரலுக்கு நாம் கொடுத்த மரியாதையில் ஒரு பங்கையேனும் அவளுடைய நெஞ்சுரத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது படம் சகுந்தலை, 1940-இல். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்திலிருந்து 1935-இல் இந்தியாவுக்கு வந்தவர், எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய சதிலீலாவதியை இயக்கியவரும் அவரே. தமிழ் பேசத் தெரியாத அவர் தமிழ்ப் படங்களை இத்தனை அழகாக எடுத்தது எப்படி என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். வார்த்தை விளங்காத காரணத்தினாலேயே அவருடைய கண் முகத்தை விட்டு அகலவில்லை என்பது என் ஊகம். துஷ்யந்தனாக வந்தவர் ஜி.என். பாலசுப்பிரமணியம், ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்றவர், அழகர், மின்னல் வேகப் பிருகாக்களினால் இளைஞர் உலகத்தைத் தம் வசமாக்கிக்கொண்டிருந்தவர். கச்சேரி மேடையின் இரண்டு இளம் நட்சத்திரங்களும் ஒரே படத்தில் சேர்ந்து பாடினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் தம்பதிகளின் ஹாஸ்யமும் சேர்ந்துகொண்டது. குழந்தை பரதனாக வந்தவள் சதாசிவத்தின் மகள் ராதா; பின்னாளில் ஆயிரக்கணக்கான கச்சேரிகளில் எம்.எஸ்.ஸின் பக்கத்தில் அமர்ந்து கூடப் பாடியவரும் அவரே. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் திருநீர்மலையில் சதாசிவத்துக்கும் எம்.எஸ்.ஸுக்கும் விவாகம் நடந்தது.

மூன்றாவதான சாவித்திரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1941-இல் ஒய்.வி. ராவ் எடுத்த அப்படத்தில் கதாநாயகி மராட்டிய நடிகை சாந்தா ஆப்தே, எம்.எஸ். தரித்ததோ நாரதர் வேஷம். புருஷ வேஷத்தை அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு பத்திரிகை. விகடனை விட்டு விலகிய, கல்கி என்னும் புனைபெயர் கொண்ட ரா. கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்க எண்ணியபோது, மூலதனத்துக்கு வழி காட்டியது அந்த நாரதருடைய ஊதியம். 1941 ஆகஸ்டு 1-ஆம் தேதி கல்கி பத்திரிகை வெளிவந்தது. பிற்பாடு அதில் தொடராக வந்த பொன்னியின் செல்வனுக்காக ஒவ்வொரு வாரமும் தபால்காரரை வழிமறித்த குடும்பங்கள் பல. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடன் தெரிந்திருக்குமோ!

நான்காவதாக வந்த மீராவினிடத்தில் வரும்போது எழுதுகிறவனுடைய பேனா தானாக நிதானப்பட்டுவிடுகிறது. மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கச்சா பிலிம் கிடைப்பது அரிதாகி, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்திருந்த காலம். மறுபடியும் டங்கன்தான் டைரக்டர். ஒளிப்பதிவு ஜிதன் பானர்ஜி. ராணாவாகச் சித்தூர் வி. நாகய்யா, பால மீராவாக ராதா, கிருஷ்ணனாகக் குமாரி கமலா, சிறு வேஷத்தில் எம்.ஜி.ஆர். திரைக்கதையிலும் வசனத்திலும் கல்கி பங்குகொண்டார். சங்கீத அமைப்பு எஸ்.வி. வெங்கட்ராமன். ராஜபுதனத்து அரண்மனைகளுக்கும் துவாரகைக்கும் நேரில் போய்ப் படம் பிடித்தார்கள்.

படப்பிடிப்புக்கு முன்பு டங்கனும் பானர்ஜியும் ஒரு காரியம் செய்தார்கள். எம்.எஸ்.ஸின் முகத்தைப் பார்த்து மார்பளவுச் சிலை ஒன்றை பிளாஸ்டரில் வார்க்கச் செய்து, அதைப் பீடத்தில் நிறுத்தி, விளக்குகளை மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக மாற்றி மாற்றி வைத்து, எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுந்தால் அந்த முகத்தில் எந்த பாவம் தோன்றுகிறது என்று பரீட்சை செய்து பார்த்தார்கள். சிலையை வைத்துப் பரீட்சித்ததன் பலனைப் படத்தில் காணலாம். நெற்றியிலும் கன்னத்திலும் மிருதுவாக விழும் வெளிச்சம் தாடையை அணுகும்போது நிழலோடு கரைகிறது. மேல்நோக்கிய கண்களில் சிறு ஒளித்துளி நிற்கிறது. உதடுகள் அசைவதைக்கூட நாம் கவனிப்பதில்லை. கையில் தம்பூராவுடன் நிற்கும் அந்த ரூபத்தைப் பார்த்த பிறகு, மீராபாயை வேறு முகத்தோடு மனத்தில் நினைக்க என் தலைமுறைக்கு இயலாமற்போயிற்று.

காற்றினிலே வரும் கீதம் என்ற பாட்டை அப்படத்துக்காக எழுதியவர் கல்கி. கர்நாடகம் என்ற புனைபெயரில் சங்கீத விமர்சனங்கள் எழுதி வித்வான்களைக் கலங்க அடித்தவர், தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் உரிய ஸ்தானம் வேண்டுமென்று தமிழிசை இயக்கத்தில் முன்னின்று வாதாடியவர், அந்த வாதத்துக்குத் தம் கையாலேயே ஓர் உதாரணம் எழுதிக் கொடுத்தார். பாபநாசம் சிவனின் சாகித்யங்கள் மற்றப் பாட்டுக்களுக்கு அமைந்தன. தமிழில் பாடினால் சங்கீதத்தின் கௌரவம் குறைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அன்று இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவசியமில்லாதபடி, வயலில் நாற்று நடுகிறவர்கள் இந்தப் பாட்டைப் பாடினார்கள்.

1945 தீபாவளிக்கு மீரா வெளியாயிற்று. ஹிந்திப் பிரதி 1947-இல் வந்தபோது, சரோஜினி நாயுடு தாமே திரையில் தோன்றி, தென்னாட்டிலிருந்து வந்த இந்தப் பாடகியை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதே வருஷம், காந்தியடிகளின் பிறந்தநாளுக்காக மீராவின் பஜனைப் பாடல் ஒன்றைப் பாடித் தரும்படி வேண்டுகோள் வந்தபோது, அந்தப் பாட்டு தமக்குப் பழக்கமில்லை, வேறு யாரையாவது பாடச் சொல்லலாமே என்று எம்.எஸ். தயங்கினார்; வேறொருவர் பாடுவதைக் கேட்பதைவிட அவர் வெறுமே வசனமாகச் சொல்வதைக் கேட்பதே மேல் என்று பதில் வந்தது. இரவோடு இரவாகப் பயின்று பதிவுசெய்து அனுப்பினார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா மறைந்த செய்திக்குப் பிறகு ரேடியோவில் அந்தப் பாட்டே ஒலித்தது. வீட்டில் அதைக் கேட்ட எம்.எஸ். மயங்கி விழுந்தார்.

மீராவுக்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. பணமும் கீர்த்தியும் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற சமயத்தில், இருபத்தொன்பது வயதில், ஒருவர் சினிமாவை விட்டு விலகுவது எளிதான காரியமா? கணவரின் தீர்மானம் அது என்பார்கள். சங்கீதத்துக்கு நேரம் போதவில்லை என்பார்கள். இரண்டும் மெய்யாக இருக்கலாம். ஆனால் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்: சுமதி, சகுந்தலை, நாரதர் என்று முதலில் மூன்று வேஷங்களைத் தரித்தவர், நான்காவதில் வேஷம் தரிக்கவில்லை. பாட்டையே பக்தியாகக் கொண்ட பெண்ணாக அவர் நின்றார். அந்தப் பெண் அவரே. அதற்கு அப்பால் தரிக்க வேறு என்ன வேஷம் இருந்தது?

என் ஒன்பதாம் பிராயத்தில், 1957 வாக்கில், குளித்தலைக்கு அருகேயுள்ள எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு மைல் தொலைவில், அறுவடையான வயலில் கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் மீராவைப் பார்த்தேன். தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரே புரொஜெக்டர் ஆகையால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை. வண்டியில் எங்களோடு வந்த என் பாட்டி கூடாரத்துக்குள் வரவில்லை. இளம்பிராயத்திலே கைம்பெண்ணாகி, தலையை மழித்து, காவிப் புடைவையால் முக்காடிட்டுக்கொண்ட அவளுக்குச் சினிமாக் கொட்டகை விலக்கப்பட்ட இடம். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் வண்டியில் ஏறியிருந்தாள். கீற்று மறைப்பை ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்தச் சொல்லி, வைக்கோலின் மேல் அமர்ந்து, உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடைவேளையில் நான் வெளியே ஓடிவந்தபோது, அவளுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் கிழவி தன் கூடையைத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டுக்குக் காசில்லாத இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருட்டிலே ஆங்காங்கே குந்தியிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் பாட்டி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டு, "ஏண்டா, பாடறச்சே அவ முகம் எப்படிடா இருந்தது?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சும்மாத்தான் இருந்தா பாட்டி. ஸ்வாமி சந்நிதியிலே நீ நிப்பியே, அது மாதிரி" என்றேன்.

பாட்டி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கண் விழித்தபோது, சமையலறையில் அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தாள்; பாதிச் சாகித்யம் தெரியாமல், தெரியாத இடங்களை மெட்டினாலே நிரப்பிக்கொண்டு, மத்தின் ஓசையோடு அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.